ஓடை எப்போது கலங்கியது? மரம் வெட்டும் காட்டில் குடிநீரைக் கண்காணிப்பது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கூட்டனே ஆற்றங்கரையில் கிளேடு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. சில நூறு பேர்தான். ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றின் குறுக்கே கம்பிவடத்தைப் பிடித்துப் போய்வரும் படகில் ஏற வேண்டும். ரஷ்யாவில் போர் செய்ய மறுத்துத் துன்பப்பட்டு, 1899இல் கப்பலேறி கனடாவுக்கு வந்த டூகபோர் மக்கள் பிற்பாடு மேற்கே நகர்ந்து அமைத்த குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. ஊருக்குப் பின்னால் மலை, மலை முழுக்கக் காடு, அதிலிருந்து இறங்கி வரும் கிளேடு ஓடை. வீட்டில் குழாயைத் திறந்தால் வருவது அந்த ஓடைத் தண்ணீர்.

அந்தக் காட்டில் மரம் வெட்டத் தயாரான நிறுவனங்களைத் தடுக்கக் கோரி, ஊர்க்காரர்கள் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019இல் மனு தள்ளுபடியானது. சுத்தமான தண்ணீர் என்பது சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை அல்ல என்ற பொருளில் நீதிபதி சொன்னது செய்தியானது.

உரிமை இல்லை என்று ஆன பிறகு ஊரின் கையில் மிச்சம் இருப்பது ஆதாரம்தான். தண்ணீர் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இடையில் மலையில் என்ன நடந்தது என்று மூன்றையும் இணைத்துக் காட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடைத் தண்ணீரை அளக்கும் பெரும்பாலான முயற்சிகள் இந்த இணைப்பில்தான் தோற்றுப்போகின்றன. கருவி மலிவானது என்பதோ ஆட்களுக்குப் பயிற்சி இல்லை என்பதோ அதற்கு முதல் காரணம் இல்லை. அளந்த நேரம் தவறிப்போவதுதான் காரணம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் அரசுக்குச் சொந்தம். அதில் மரம் வெட்ட நிறுவனங்களுக்கு உரிமம் தரப்படுகிறது. ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கும் ஓடைகளும் அதே நிலத்தில்தான் ஓடுகின்றன. அதனால், உரிமம் பெற்ற குடிநீர்த் திட்டம் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள வடிநிலத்தை ‘சமூக நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று அரசு அறிவிக்கும். இப்படி 450க்கும் மேற்பட்ட பகுதிகள் உள்ளன. பெயரைக் கேட்டால் அங்கே கோடாரியே படாது என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. வான்கூவர் மாநகரம் தன் மூன்று நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மரவெட்டை 1990களோடு நிறுத்திவிட்டது, பொதுமக்களைக்கூட உள்ளே விடுவதில்லை. சிற்றூர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே வெட்டலாம், சில கட்டுப்பாடுகளோடு.

அந்தக் கட்டுப்பாடுகளின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நீண்ட காலம் அதில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, தண்ணீரைக் காப்பது மாகாணத்தின் மர வரத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிடக் கூடாது. இது போன்ற, மரத்துக்கு முதலிடம் கொடுக்கும் சொற்களை நீக்குவதாக மாகாண அரசு 2023இல் அறிவித்தது. இரண்டாவது, தவிர்க்க வேண்டியதாகச் சொல்லப்பட்ட தீங்கு, ஊர் செய்ய வேண்டிய சுத்திகரிப்பால் சரிசெய்ய முடியாத தீங்கு. அதாவது மேலே கலங்கினாலும் கீழே இருப்பவர் வடிகட்டிக்கொள்ள முடியும் என்றால் அது இந்த வரையறைக்குள் வராது. வடிகட்டும் செலவை யார் ஏற்பது என்பதற்கு அங்கே பதில் இல்லை. இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பது இனி வரும் எண்களில் தெரியும்.

மண் எங்கிருந்து வருகிறது

மரத்தை வெட்டியதால் மண் கரைகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். வெட்டிய மலைச்சரிவில் இலைச்சருகும் வேரும் மண்ணை ஓரளவு பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பெருமளவு நுண்மண்ணை ஓடைக்கு அனுப்புவது, மரத்தை ஏற்றிக்கொண்டு வரப் போட்ட ஜல்லிச் சாலை.

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில், கிளியர்வாட்டர் ஆற்றின் வடிநிலத்தில் லெஸ்லி ரீட், தாமஸ் டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து 1984இல் வெளியிட்டார்கள். மர லாரிகள் அடிக்கடி ஓடும் ஜல்லிச் சாலை, கைவிடப்பட்ட சாலையைப்போல 130 மடங்கு மண்ணைத் தருகிறது. அதே அளவு போக்குவரத்து உள்ள சாலைக்குத் தார் போட்டிருந்தால், வரும் மண் ஜல்லிச் சாலையில் வருவதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. லாரிச் சக்கரம் ஜல்லியை அரைத்து மாவாக்குகிறது. அடியில் உள்ள சேற்றைப் பிதுக்கி மேலே கொண்டுவருகிறது. அப்புறம் ஒரு மழை போதும், அத்தனையும் சாலையோர வாய்க்காலில் இறங்கிவிடும்.

சாலை இன்னொரு வேலையும் செய்கிறது. மலையை வெட்டிச் சாலை போடும்போது, மண்ணுக்குள் மெல்லக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்த நீர் அந்த வெட்டுமுகத்தில் வெளியே வந்துவிடுகிறது. பல நாளில் ஓடையை அடைய வேண்டிய தண்ணீர், ஓர வாய்க்கால் வழியாக ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நீர் சாலையின் மறுபக்கம் பாய்ந்து, ஈரமே பார்த்திராத சரிவில் இறங்கும். மலைச்சரிவு அங்கேதான் பிடி விடும். வெட்டிய மரத்தின் வேர்கள் மக்கி, புதுக்கன்றின் வேர் பிடிக்கும் வரை இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த ஆபத்து அதிகம். அதனால் வெட்டி முடித்து நிறுவனம் போய்ப் பல ஆண்டுகள் கழித்துக்கூடச் சரிவு இடியலாம். மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கண்காணிக்கும் திட்டங்கள் இதைப் பார்க்காமலேயே முடிந்துவிடும்.

ஓடைக்கரை மரங்களின் கதையும் இதோடு சேர்ந்தது. மாகாண விதிப்படி ஓடை 1.5 மீட்டரைவிட அகலம் குறைந்ததாக இருந்தால், கரையில் மரம் விட்டே தீர வேண்டிய பட்டை எதுவும் இல்லை. மலை உச்சியில் பிறக்கும் ஓடைகளில் பெரும்பாலானவை அந்த அகலம்தான். ஊரின் குழாய்க்கு வரும் தண்ணீர் அவற்றிலிருந்துதான் சேர்கிறது.

கலங்கல் என்றால் என்ன கெட்டுப்போகும்?

தண்ணீரின் கலங்கலை ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். அலகின் பெயர் என்.டி.யூ. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் ஊர்மக்களுக்குத் தரப்படும் அறிவிப்பில் 1க்குக் கீழே இருந்தால் நல்லது, 1 முதல் 5 வரை சுமார், 5ஐத் தாண்டினால் மோசம். 5 என்.டி.யூ. என்பது கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் லேசாகப் புகை படிந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். அதற்கே ஏன் இவ்வளவு கவலை?

அந்த நுண்மண் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்கின்றன. குளோரின் துகளின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. புற ஊதா விளக்கின் ஒளி ஊடுருவுவதில்லை. மக்கிய இலைதழையோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத வேதிப்பொருள்களும் உருவாகின்றன. 1996இல் இதே மாகாணத்தின் கிரான்புரூக், கெலோனா நகரங்களில் குடிநீர் வழியாக கிரிப்டோஸ்போரிடியம் பரவி, ஏராளமானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்தக் கிருமியைச் சாதாரண அளவு குளோரின் ஒன்றும் செய்வதில்லை. அது மரவெட்டால் வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வடிகட்டாத ஓடைநீரைக் குடிக்கும் ஊருக்குத் தெளிவுதான் முதல் காப்பு என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் புரிய வைத்தது.

நம் ஊர்களில் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். நகரத்துச் சுத்திகரிப்பு ஆலை செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான், படிகாரம் போன்ற பொருளைப் போட்டு, மணலில் வடித்து. ஆனால் அதைக் கட்ட ஆகும் பணம் சிற்றூருக்குத் தாங்காது. ஒக்கனாகன் ஏரிக்கரையில், சுமார் 6,000 பேர் வாழும் பீச்லாண்ட் நகரம் 2021இல் திறந்த சுத்திகரிப்பு ஆலைக்கு 2 கோடி டாலருக்கும் மேல் செலவானது. கடுமையாகிவந்த சுகாதார விதிகளும் அதற்குக் காரணம்தான். ஆனால் அந்நகர மக்களில் பலர் மேலே நடக்கும் மரவெட்டை நிறுத்தக் கோரிப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கனடாவின் குடிநீர் வழிகாட்டுதலில் வடிகட்டும் ஆலை இல்லாமல் சமாளிக்க ஒரு விலக்கு உண்டு. அதற்குப் பல நிபந்தனைகள் இருக்கின்றன. முக்கியமான ஒன்று, ஓடைநீரின் கலங்கல் சராசரியாக 1 என்.டி.யூ. அளவில் இருக்க வேண்டும், 12 மாதங்களில் இரண்டு நாள்களுக்கு மேல் 5ஐத் தாண்டக் கூடாது. இரண்டே நாள். ஒரு வசந்த காலத்தில் மூன்று நாள் சேறு வந்தால், சில நூறு பேர் வாழும் ஊர் அந்த விலக்கை இழக்கக்கூடும். ‘சுத்திகரிப்பால் சரிசெய்ய முடியாத தீங்கு’ என்ற சட்ட வாசகத்தை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

மாதம் ஒரு பாட்டில் போதாது

பல இடங்களில் கண்காணிப்பு என்றால், மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் ஓடைக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. போகிறவரும் மனிதர்தான், மழை இல்லாத பகல் பொழுதில்தான் போவார். பன்னிரண்டு பாட்டிலும் தெளிவாக இருக்கும். அறிக்கையில் ‘பாதிப்பு இல்லை’ என்று வரும்.

மலை ஓடை ஒரு வருடத்தில் சுமக்கும் மண்ணில் பெரும்பகுதி ஒரு சில நாள்களில் வந்துவிடுகிறது. அதிலும் வெள்ளம் ஏறும்போது வரும் தண்ணீரும் வடியும்போது வரும் தண்ணீரும் ஒன்றல்ல. நீர்மட்டம் ஒரே அளவில் இருந்தாலும், ஏறும்போது பெரும்பாலும் கலங்கல் கூடுதலாக இருக்கும். சாலையிலும் வாய்க்காலிலும் தளர்ந்து கிடந்த மண் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போய்விடுவதால், வெள்ளத்தின் உச்சத்துக்கு முன்பே கலங்கல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பிடித்தால்கூடத் தாமதம்தான்.

கலிபோர்னியாவின் காஸ்பர் கிரீக் என்ற ஆய்வு நீர்ப்பிடிப்பில் 1960களின் தொடக்கத்திலிருந்து அளந்து வருகிறார்கள். அங்கே பணியாற்றியவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். ஓடைக்குள் ஒரு கலங்கல் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்கும். கலங்கல் குறிப்பிட்ட படிகளைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பம்பு தானாக ஒரு பாட்டில் நீரை எடுத்து வைத்துக்கொள்ளும். நள்ளிரவு புயலில் யாரும் போக வேண்டாம். எப்போது எடுக்க வேண்டும் என்பதை நாள்காட்டி சொல்வதில்லை, ஓடையே சொல்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை.

பம்பு வைக்கும் பாட்டில்கள் எதற்கு என்றால், சென்சார் அளப்பது ஒளியை, மண்ணை அல்ல. ஒரே 20 என்.டி.யூ. ஓர் ஓடையில் களிமண்ணால் வரலாம், இன்னொன்றில் மணலும் இலைச்சாறும் கலந்து வரலாம். பாட்டில் நீரை வடித்துக் காயவைத்து எடை பார்த்தால்தான், அந்த ஓடையில் இத்தனை என்.டி.யூ. என்றால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு கிடைக்கும். சென்சார் கண்ணாடியில் பாசி படிந்தாலும் எண் ஏறும். நடுவில் வேறு நிறுவனத்தின் சென்சாரை மாற்றினாலும் எண் மாறும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் போலத் தோன்றும். எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

சென்சார் வாங்க வழியில்லாத ஊருக்கு, மாகாண வழிகாட்டுதலில் வழக்கமாக உள்ள முறை ஒன்று உதவும். 30 நாளில் குறைந்தது 5 மாதிரி எடுப்பது. அந்த 30 நாளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மலைப்பகுதியில் பனி உருகும் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் கால முதல் மழையில் ஒருமுறை வைத்தால் பத்துப் பாட்டில்கூட நிறையச் சொல்லும்.

வெட்டுவதற்கு முன்பே

மாகாணத்தின் நீர்த்தர அளவுகோல் கலங்கலுக்கு ஒரே வரம்பு வைப்பதில்லை. நீர்வாழ் உயிர்களைக் காக்க, தெளிந்த ஓடையில் இயல்பு அளவைவிட 24 மணி நேரத்தில் 8 என்.டி.யூ.வுக்கு மேல் கூடக் கூடாது, 30 நாள் சராசரியில் 2க்கு மேல் கூடக் கூடாது என்கிறது. கவனியுங்கள், ‘இயல்பு அளவைவிட’. அந்த இயல்பு அளவை முன்பே அளந்து வைக்காத ஊருக்கு இந்த அளவுகோலால் ஒரு பயனும் இல்லை.

இயல்பாகவே ஓடை கலங்கும் என்பதும் உண்மை. 2006 நவம்பரில் வான்கூவரில் கொட்டிய மழைக்குப் பிறகு நீர்த்தேக்கங்கள் சேறாகி, சுமார் 20 லட்சம் பேர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. மரவெட்டை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன நீர்ப்பிடிப்பு அது. ஆகவே கலங்கிய பாட்டில் ஒன்றை மட்டும் காட்டி ‘பாருங்கள், வெட்டியதால்தான்’ என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

இதற்கு அறிவியல் கண்ட வழி, பக்கத்தில் வெட்டப்படாத இன்னோர் ஓடையையும் சேர்த்து அளப்பது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 1959 முதல் 1973 வரை நடந்த ஆல்ஸி ஆய்வு இதில் ஒரு முன்மாதிரி. மூன்று சிறு ஓடைகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் எதையும் தொடாமல் வெறுமனே அளந்தார்கள். பிறகு நீடில் பிராஞ்ச் ஓடையில் கரைவரை மொத்தமாக வெட்டினார்கள். டீர் கிரீக்கில் கரையோர மரங்களை விட்டுத் திட்டுத்திட்டாக வெட்டினார்கள். ஃபிளின் கிரீக்கைத் தொடவே இல்லை. மறுபடி ஏழு ஆண்டுகள் அளந்தார்கள். நிழல் போன நீடில் பிராஞ்ச்சில் ஆண்டின் உச்ச வெப்பநிலை, வெட்டிய ஓராண்டில், சுமார் 14 டிகிரி செல்சியஸிலிருந்து 29 டிகிரிக்குத் தாவியது. குளிர்ந்த நீரில் வாழும் சால்மன் குஞ்சுக்கு அது வேறோர் உலகம். ஏழு ஆண்டு முன்கணக்கும் தொடாத ஓடையும் இருந்ததால், அந்த ஆண்டு வெயில் அதிகம் என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 1971இல், ஆரகன் தன் வனச் செயல்முறைச் சட்டத்தை இயற்றியது. வான்கூவர் தீவின் கார்னேஷன் கிரீக்கிலும் 1970களின் தொடக்கத்திலிருந்து இதே பொறுமையோடு அளந்தார்கள். வெட்டு தொடங்கியது 1976இல்தான்.

ஒப்பிடும் முறையே விடையை மாற்றிவிடும் என்பதற்கும் இந்த மாகாணத்திலேயே உதாரணம் உண்டு. காட்டில் மரக்கிளைகள் பனியில் ஒரு பங்கைத் தாங்கிக் காற்றில் ஆவியாக விடும். வெட்டவெளியில் முழுப் பனியும் தரையில் குவிந்து, வெயில் நேரே பட்டு, சீக்கிரம் உருகும். அதனால் வசந்த வெள்ளம் பெருகும். ஆனால் பெரிய வெள்ளங்களை மரவெட்டு அதிகம் பாதிப்பதில்லை என்பதே நெடுநாள் கருத்து. வெட்டிய ஓடையிலும் வெட்டாத ஓடையிலும் ஒரே புயலுக்கு வந்த வெள்ளங்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டதால் வந்த முடிவு அது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யூனஸ் அலிலாவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கேள்வியை மாற்றினார்கள்: இந்த அளவு வெள்ளம் முன்பு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது? அப்படிப் பார்த்தபோது பெரிய வெள்ளங்களும் அடிக்கடி வருகின்றன என்று தெரிந்தது. இந்தத் துறையில் அதைப் பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. நீர் எடுக்கும் மதகை இழந்த ஊருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

இரசாயனமும் கருவியும் எட்டாத இடத்தில் பூச்சிகள் உதவும். ஓடைக் கல்லைப் புரட்டினால் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் பூச்சிகளின் இளம் உயிர்கள் ஒட்டியிருக்கும். கல்லிடுக்கில் மண் அடைத்தால் அவை குறைந்து, சேற்றைத் தாங்கும் புழுக்கள் பெருகும். கனடாவில் காபின் என்ற தேசிய வலையமைப்பு, ஓடை அடியைக் காலால் மூன்று நிமிடம் கிளறி வலையில் பிடிக்கும் எளிய முறையைத் தன்னார்வலர்களுக்கும் கற்றுத்தருகிறது. பாட்டில் ஒரு நொடியின் தண்ணீரைத்தான் காட்டும். பூச்சி அங்கேயே பல மாதம் வாழ்ந்திருக்கிறது.

எங்கே நின்று அளப்பது என்பதற்கு வந்தால், நீர் எடுக்கும் இடத்தில் மட்டும் அளந்தால் சேறு வந்தது தெரியும், வந்த இடம் தெரியாது. சாலை ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என எடுத்தால் வித்தியாசம் அந்தச் சாலையின் கணக்கு. மாகாண வனத்துறையின் மதிப்பீட்டு முறையும் இதைத் தழுவியதுதான். சாலையோடு நடந்து, சேற்று நீர் ஓடைக்குள் இறங்குகிறதா, காட்டுத் தரையில் ஊறிவிடுகிறதா என்று பார்த்து, ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மண் போகும் என்று கணிப்பார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், குடையும் முழங்கால் பூட்ஸும் போதும். பல நேரம் தீர்வும் அங்கேயே தெரிந்துவிடும். வாய்க்காலைப் பாலத்துக்கு முன்பே காட்டுக்குள் திருப்பிவிடுவது, பாலத்தின் இருபுறமும் நல்ல கெட்டி ஜல்லி போடுவது, மழை நாளில் லாரியை நிறுத்துவது.

கடைசியாகச் சொன்ன லாரிதான் ஊர்க்குறிப்பேடுகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. தேதி இருக்கும், மணி இருக்கும், அளவுகோலில் நீர்மட்டம், கலங்கல், மழை எல்லாம் இருக்கும். அன்றைக்கு எத்தனை மர லாரி இறங்கியது என்ற கட்டம் மட்டும் இருக்காது. சாலையோரம் வீடு உள்ள ஒருவர் காலை முதல் மாலை வரை எண்ணிக் கோடு போட்டு வைத்தால் போதும். அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால்தான், செவ்வாய்க்கிழமை மழையில் வந்த 12 என்.டி.யூ.வுக்கும், லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை அதே மழையில் வந்த 3 என்.டி.யூ.வுக்கும் உள்ள இடைவெளியை அதிகாரியின் மேசையில் எடுத்து வைக்க முடியும்.